பின் சக்கரத்துக்கு வைத்த கல்

வண்டி நின்று அரை மணி நேரம் ஆகியும் அடியில் அந்தச் சத்தம் நிற்கவில்லை. டொக். கொஞ்சம் இடைவெளி. டொக், டொக். கேம்பர்வேனுக்குள் இருந்த கட்டிலில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்த யோகலட்சுமிக்கு, அது மெத்தைக்குக் கீழே, தரைத் தகட்டுக்கும் கீழே, பின் சக்கரத்தின் பக்கமிருந்து வருவது தெரிந்தது. இன்ஜின் ஆறுகிறது, சூடான இரும்பு சுருங்கும்போது அப்படித்தான் தட்டும் என்று வெளியே நின்றபடி அவள் கணவன் ஞானசம்பந்தம் சொன்னான். எதற்கும் அவனிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். இந்த ஆளில்லாத குறுக்குச் சாலையில் வண்டியைத் திருப்பியபோதும் ஒன்று வைத்திருந்தான்.

ஈப்போவில் விமானம் ஏறும்போதே அவளுக்கு மனசில்லை. இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவது இப்போதுதான் ஏழாம் மாதத்தைத் தொட்டிருக்கிறது. வடகரையில் இருக்கும் குலதெய்வத்தின் முன்னால் வளையல் போட்டால்தான் பிள்ளை தங்கும் என்று மாமியார் ஒற்றைக்காலில் நின்றார். படுத்தபடியே போவதானால் போகலாம் என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். கட்டில், கழிப்பறை, அடுப்பு எல்லாம் வைத்த இந்த மஞ்சள் வண்டியை ஞானம் கொச்சியில் வாடகைக்கு எடுத்தான். குற்றாலத்தில் இரண்டு நாள் நிறுத்திவைத்து அருவியில் குளித்தும் விட்டான். ஞானத்துக்கு இது தாத்தாவின் ஊர், அவளுக்கு வெளிநாடு. பேசுவது தமிழ்தான் என்றாலும் அவள் வாயைத் திறந்ததும் கடைக்காரன் முதல் காவலாளி வரை ஒரு பார்வை பார்த்தார்கள், பிறகு வயிற்றைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

வண்டி படுத்ததற்குக் காரணமும் அவன்தான். மலேசியாவில் ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகியவன், இங்கே கிளட்சில் வைத்த காலை எடுக்கவே மாட்டான். வாய்க்கால் பாலத்தைத் தாண்டி மேடு ஏறும்போது தோல் கருகியது போல ஒரு நாற்றம் வந்தது, வண்டி உறுமியது, பின்னால் நழுவியது. ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை. பின்னால் பத்தடியில் வாய்க்கால், சீசன் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"யோகா, இறங்கி ஒரு கல் எடுத்துப் பின் டயருக்கு வை. நான் பிரேக்கை விட முடியாது. சீக்கிரம்."

இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. ஆனால் மிதித்த பிரேக்கையும் மீறி வண்டி நழுவிக்கொண்டிருந்தது. சாலையோரம் நெஞ்சுயரத்துக்கு இரண்டு கற்கள் நடப்பட்டிருந்தன. அவற்றின் மேல் படுக்கவைத்திருந்த பலகைக்கல் எப்போதோ உடைந்து, பாதி மட்டும் ஒரு தூணில் ஒட்டிக்கொண்டிருந்தது. தலையணை அளவு இருக்கும். பாசிக்குள்ளே ஏதோ எழுத்து. அதைத்தான் எடுத்தாள். எடுத்ததும் ஆச்சரியமாக இருந்தது, அதில் கனமே இல்லை. வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்தபோது கல்லின் ஜில்லிப்பு புடவையைத் தாண்டி உள்ளே இறங்கியது. பிள்ளை ஒரே ஒரு முறை, இதுவரை இல்லாத வேகத்தில் உதைத்தது. அவள் குனிந்து கல்லைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள், வண்டி நின்றது.

அந்த உதைதான் கடைசி.

சாப்பிட்டபின் இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவாவது இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி, போனில் எண்ணுவதற்கு ஒரு செயலியும் போட்டுக் கொடுத்திருந்தார். இரண்டரை மணிக்குச் சாப்பிட்டாள். செயலியில் நான்கு என்றிருந்தது. மூன்றேகாலிலிருந்து அது நான்காகவே இருந்தது. ஞானத்திடம் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்ற பயம், போன இரண்டு முறையும் அப்படித்தான் ஆனது. சர்க்கரை போட்ட பால் குடித்தாள், வயிற்றைத் தட்டிக் கொடுத்தாள், குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை வைத்துப் பார்த்தாள். பிள்ளை தூங்குகிறது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

டொக். டொக், டொக்.

காற்று வாங்கலாம் என்று படியில் வந்து உட்கார்ந்தாள். சாரல் விழுந்தும் விழாமலும் இருந்தது. மலை முழுவதும் மேகத்துக்குள் போய்விட்டது, மணி நான்குதான் என்றாலும் வெளிச்சம் ஆறு மணிக்கு உரியது. தென்னந்தோப்புகளிலிருந்து அழுகிய மட்டையின் வாசனை, அதோடு இன்னும் கரைந்து போகாத அந்தக் கருகல் நாற்றம். மேட்டிலிருந்து தலையில் பெரிய புல்லுக்கட்டோடு ஒரு பெண் இறங்கி வந்தாள். வண்டியை ஏறிட்டும் பார்க்காமல் நட்டிருந்த கற்களிடம் போனாள், பல வருடப் பழக்கத்தில் திரும்பி நின்று புல்லுக்கட்டை இறக்க முழங்காலை மடக்கினாள். கட்டு எதிலும் தட்டவில்லை. தடுமாறி நிமிர்ந்தாள். வெறும் தூண்களைப் பார்த்தாள், பிறகு சக்கரத்தை, பிறகு யோகலட்சுமியின் வயிற்றை.

"எடுத்தவ நீயா?" என்றாள்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவ்வளவு பாரத்தையும் இறக்காமல், வந்த வழியே மேடேறிப் போய்விட்டாள். மனிதர்கள் இப்படியும் இருப்பார்களா என்று யோகலட்சுமிக்குக் கோபம் வந்தது. கோபம் நல்லதுதான், அது இருக்கும்வரை பயம் கொஞ்சம் தள்ளி நின்றது.

செங்கோட்டையிலிருந்து மெக்கானிக் பைக்கில் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. இசக்கிமணி என்று பெயர், நாற்பது வயதிருக்கும். கிளட்ச் பிளேட் போய்விட்டது, வண்டியைக் கட்டி இழுத்துத்தான் போகணும் என்று முகர்ந்து பார்த்தே சொன்னான். பையிலிருந்து இரண்டு மரக்கட்டைகளை எடுத்து மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தான். அதன்பிறகுதான் பின் சக்கரத்தின் பக்கம் குனிந்தான். குனிந்தவன் அப்படியே இருந்தான்.

"சார், இந்தக் கல்ல எங்கன எடுத்திய?"

ஞானம் தூண்களைக் காட்டினான்.

"அது சுமைதாங்கிக் கல்லுல்லா. வயித்துப் பிள்ளையோட செத்துப்போனவளுக்கு வச்சது. பெறாமப் போன சொமைய அவ எறக்கி வைக்கதுக்கு." அவன் குரல் இறங்கியது. "யாரு தூக்குனா?"

"நான்தான்" என்றாள் யோகலட்சுமி.

இசக்கிமணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இருந்த எடத்துலயே வச்சிருங்க அக்கா. மத்தது எல்லாம் பொறவு பாப்போம்."

ஆண்கள் இருவரும் சேர்ந்து கல்லைப் பிடித்தார்கள். சக்கரம் அதை அழுத்தவில்லை, நடுவே விரல் நுழைய இடமிருந்தது. ஆனால் கல் அசையவில்லை. மூச்சுப் பிடித்துத் தூக்கினார்கள், கம்பியைக் கொடுத்து நெம்பினார்கள். கம்பிதான் வளைந்தது. ஞானத்தின் நெற்றியில் நரம்பு புடைத்தது. இசக்கிமணி திடீரென்று கையை உதறிக்கொண்டு எழுந்தான். உள்ளங்கையை வேட்டியில் துடைத்தான், மறுபடி துடைத்தான். ஆள் கூட்டி வருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு பைக்கை எடுத்தான். கருவிப் பை சாலையிலேயே கிடந்தது.

அவன் எதைத் தொட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வயிற்றில் கை வைத்தாள். கல் மாதிரி கிடந்தது. ஒருபக்கம் சரிந்து, குளிர்ந்து.

"ஞானம், பிள்ளை அசையலை" என்றாள். "மூணேகால்லேர்ந்து அசையலை."

அவன் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி மேட்டை நோக்கி ஓடினான். ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ் என்று அவன் கத்துவது சாரலுக்குள் தேய்ந்தது.

டொக், டொக்.

இன்ஜின் ஆறி மணிக்கணக்காகிறது.

யோகலட்சுமி சக்கரத்தின் அருகே மண்டியிட்டாள். கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஜில்லிப்பு. ஈரம். பாசியின் வழுவழுப்பு. அதற்கடியில், மெதுவாக, ஒரு சின்னக் குதிகால் உருண்டு நகர்ந்தது.

அவளுக்குத் தெரிந்த குதிகால். இரவெல்லாம் விலாவில் முட்டுகிற அதே குதிகால்.

இருந்த இடத்தில் வைத்துவிட்டால் திரும்பக் கிடைக்கும். அப்படித்தானே மெக்கானிக் சொன்னான்? அவன் அப்படிச் சொல்லவில்லை. வைக்கச் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

தூக்கினாள்.

வந்தது. தலையணையைத் தூக்குவது போல வந்தது. வயிற்றோடு அணைத்தாள், அது உள்ளிருந்து உதைத்தது, அவள் அழுதாள், இரு கண்ணு, இரு, அம்மா வைக்கிறேன், வந்துடு. எட்டு அடி. தூண்கள் இருட்டில் நின்றன. மேலே வைத்தாள். சரியாக உட்கார்ந்தது.

கையை எடுக்கவில்லை.

உதை. இன்னொன்று.

பிறகு இல்லை.

வயிற்றைத் தொட்டாள். இல்லை. மறுபடி கல்லை. வெறும் கல். அதைத் தாங்கிய தூணில் கை வைத்தாள். அதற்குள் ஏதோ நழுவி இறங்கியது. நெஞ்சளவு. முழங்காலளவு.

டொக்.

காலடியில். மண்ணுக்குள்.

தூரத்தில் ஞானம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தான். யோகலட்சுமி திரும்பவில்லை. குப்புற விழுந்து காதை ஈர மண்ணில் வைத்தாள், கேட்டாள், இரண்டு கைகளாலும் தோண்டத் தொடங்கினாள். அவள் தோண்டத் தோண்ட அந்தச் சத்தம் இன்னும் கீழே போனது.