ஏங்க, நாலாயிரத்துப் பதினேழு

“ஏங்க, நாலாயிரத்துப் பதினேழு, டிபன் என்ன வேணும்?” என்று பூங்கோதை கணவனைக் கேட்டாள். செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் கூண்டில் எல்லா வீட்டிலும் காலையில் இப்படித்தான் கேட்பார்கள். புருஷன் பெயரைச் சொல்லத் தயங்குகிறவர்கள்கூட எண்ணைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

காரணம், காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் விடைச்சேமி. யோசிக்கிற மூளை ஆக்சிஜனைக் குடித்துத் தீர்க்கிறது என்று குடியேற்ற நிர்வாகம் எல்லாருக்கும் அதைப் பொருத்திவிட்டது. ஒரு கேள்விக்கு முதல் தடவை மூளை பதில் சொல்லும். அதே கேள்வி மறுபடி வந்தால் விடைச்சேமி மூளையை எழுப்பாது. எடுத்து வைத்திருந்த பழைய பதிலையே வாய்க்கு அனுப்பிவிடும். போன வருஷம் இட்லி கேட்டவன் இன்றைக்கும் இட்லிதான் கேட்பான், வயிறு சரியில்லாவிட்டாலும்.

ஆனால் அது ஒரு மண்டு. கேள்வி எழுத்துக்கு எழுத்து அதேதானா என்று மட்டும் பார்க்கும். நடுவில் ஓர் எண்ணைச் செருகினால் போதும், புதுக் கேள்வி என்று ஏமாந்து மூளையை எழுப்பிவிடும். எண்ணுக்கு அர்த்தமெல்லாம் கிடையாது. ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

பூங்கோதைக்கு வடதுருவப் பனிச்சுரங்கத்துக்கு மாற்றல் வந்திருந்தது. எட்டு வருஷம். கணவனையும் அழைத்துப் போகலாம். ஆனால் இன்று சாயங்காலத்துக்குள் ஞானப்பிரகாசம் சம்மதம் சொல்ல வேண்டும். இருபது நாளாகக் கேட்கிறாள். “பாக்கலாம்” என்கிறார். எண்ணை மாற்றினாள். பாக்கலாம். ஆறு இலக்கத்துக்குப் போனாள், பின்னத்தில்கூடக் கேட்டுப் பார்த்தாள். அதே பாக்கலாம்.

தனியாக எட்டு வருஷம் போக அவளுக்கு மனசில்லை. ஆனாலும் அவர் மேல் கோபம் வரவில்லை. பாவம், மனுஷன் என்ன செய்வார், சனியன் பிடித்த கருவி ஒரே பதிலில் மாட்டிக்கொண்டுவிட்டது என்று அவரைப் பழுதுபார்க்கும் கூடத்துக்கு இழுத்துப் போனாள்.

அங்கே வேலை பார்த்த ரெபேக்கா அவர் காதோரம் கம்பியை வைத்துச் சோதித்தாள். பிறகு அவரை வெளியே உட்காரச் சொன்னாள்.

“அக்கா, இது செத்து மூணு வருஷமாச்சு. உள்ள ஒரு பதில்கூட இல்ல.”

“அப்போ இத்தனை நாளா பேசினது?”

“அவரேதான். ஒவ்வொரு தடவையும் புதுசா.”

கருவியை நினைத்து மூன்று வருஷமாக அவள் மன்னித்துவிட்ட பதில்களெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. கண்ணாடிக்கு வெளியே ஞானப்பிரகாசம் நிம்மதியாகக் கால் ஆட்டிக்கொண்டிருந்தார். தனியாகப் போவதாகவே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று மெதுவாகச் சொன்னாள்.

“ஆனா ஒண்ணும்மா. கருவிதான் கோளாறுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடு. கேக்கறவங்களுக்குச் சொல்லணுமில்ல.”

ரெபேக்கா மேசை இழுப்பறையைத் திறந்தாள். கத்தையாக அடுக்கியிருந்த தாள்களில் ஒன்றை உருவினாள். எல்லாம் முன்பே அச்சடித்திருந்தது. பெயர்களை மட்டும் கேட்டு நிரப்பிக் கொடுத்தாள்.