உடம்புக்கு முடியாத அக்கா

கப்பல் பயணத்தின் கடைசி நாள் காலை, குளியலறைக் கம்பியில் மூன்று துண்டுகள் ஈரமாகத் தொங்கின. அறையில் இருப்பது இரண்டு பேர். ஒன்று பேராசிரியை இப்போதுதான் பிழிந்து போட்டது. இன்னொன்று அக்காவுடையது, அக்கா எப்போதும் நாலாக மடித்துத்தான் காயப்போடுவாள். மூன்றாவது, ஓரமாக, பிழியாமல், தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள். ஐஸ் மாதிரி ஜில்லென்றிருந்தது.

"இது யாருது?"

அக்கா தரையில் உட்கார்ந்து பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவங்க குளிச்சாங்க. மெதுவா பேசுங்க, இப்பதான் கண்ணசந்தாங்க."

பேராசிரியை கட்டில் பக்கம் திரும்பாமலே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தாள். காட்டட்டும். எதிர்த்துப் பேசத் தனக்கு வாய் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

கப்பல் ஏறிய அன்று வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்ற நீதிபதியின் மனைவியிடம், "நானும் எங்க அக்காவும் வந்திருக்கோம்" என்று வாய் நிறையச் சொன்னவள் அவள்தான். அக்கா அப்போது கழிவறை தேடிப் போயிருந்தாள். இரவுச் சாப்பாட்டுக்குப் போனால் நீதிபதியின் மனைவியும் ஒரு பல் டாக்டரும் அதே மேஜை. முதல் நாள் எந்த மேஜையோ, கரை சேரும்வரை அதே மேஜைதான். அக்கா அங்கே ரொட்டிகளைக் கைதுடைக்கும் துணியில் சுற்றித் தன் பைக்குள் போட்டாள். "தம்பி, இன்னும் ரெண்டு குடுப்பா, ராத்திரி பசிச்சா ஆகும்" என்று பரிமாறுகிறவனிடம் அவள் கேட்டது நாலு மேஜைக்கு அப்பாலும் கேட்டது. பல் டாக்டர் சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தார். நீதிபதியின் மனைவி குரலைத் தாழ்த்தி, "இவங்க?" என்றார்.

"வீட்டு வேலைக்கு இருக்கறவங்க. துணைக்குக் கூட்டிட்டு வந்தேன்."

"அப்ப உங்க அக்கா?"

"அவளுக்கு அலை ஒத்துக்கல. ரூம்லயே படுத்திருக்கா."

அதற்கப்புறம் கேட்கக் கேட்க அந்த அக்கா வளர்ந்தாள். பெரிய டாக்டராக இருந்தவள், அதிகம் பேசமாட்டாள், வெளிச்சம் ஆகாது, பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளப் பெருமையாக இருக்கும்படியானவள். தையல் மிஷின் மிதித்து இவளைப் படிக்கவைத்த நிஜ அக்கா, பையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். மறுநாளிலிருந்து மேஜைக்கு வரவில்லை. தங்கையை "நீங்க" என்றாள், ஆள் இருந்தால் "மேடம்" என்றாள். தன் கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் படுத்தாள். இரண்டு கிண்ணம் சூப் வாங்கிவந்து ஒன்றைக் காலிக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தாள். வீம்பு என்று பேராசிரியை விட்டுவிட்டாள். "போடி இவளே" என்று பழையபடி ஒருதரம் திட்டிவிட்டால் போதும் என்று பயணம் முழுக்கக் காத்திருந்தாள். கிண்ணம் எப்போது காலியானது என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்றிருந்தது.

அன்று காலைச் சாப்பாட்டு மேஜையில் நீதிபதியின் மனைவி அவளுக்காகவே காத்திருந்தவர் போலக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, இவ்வளவு நாள் ஒளிச்சு வச்சிட்டீங்களே. நேத்து சாயங்காலம் மேல்தளத்துல உங்க அக்காவப் பாத்தேன்."

பேராசிரியை மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டாள். தெரிந்துவிட்டது. ஒரு கணம், அவமானத்துக்கு நடுவிலேயே, நிம்மதியாகக்கூட இருந்தது.

"என் முழங்கால் வலிய நானா சொல்லல. அவங்களே குனிஞ்சு தொட்டுப் பாத்தாங்க. டாக்டர் டாக்டர்தான். ஆனா கை என்ன இப்படி ஜில்லுனு இருக்கு?"

"என்கிட்ட வர்றவங்களும் அதத்தான் சொல்றாங்க," என்றார் பல் டாக்டர். "அதுக்கு முன்னாடியே கத்திடறாங்க, அது வேற."

"நீங்க பாத்தது... நரைச்ச முடி, கொஞ்சம் கூனல்?"

"அது உங்க வேலைக்காரம்மா இல்ல? அவங்க பின்னால சால்வையப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. நான் சொல்றது உங்க அக்கா. அப்படியே உங்க மூக்கு."

சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அப்படி ஒரு அக்கா இல்லை, அந்த வேலைக்காரம்மாதான் என் அக்கா என்று நாலு வார்த்தை.

"ஆமா," என்று தன் குரல் சொல்வதைக் கேட்டாள். "இப்ப கொஞ்சம் தேவல."

பகல் முழுக்க அறைக்குப் போகவில்லை. தளத்தில் நாற்காலிகளை அடுக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள், நீச்சல்குளத்தில் தண்ணீரை வடித்து வலை போட்டிருந்தார்கள், காலடியில் இயந்திரம் பல்லைக் கடித்துக்கொண்டு தூங்குகிற ஆளைப் போல நறநறத்துக்கொண்டே இருந்தது. பொழுது சாயும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இது கடைசிச் சாப்பாடு. நாளைக்கு அவரவர் பாட்டுக்குக் கலைந்துவிடுவார்கள். இன்று அந்த மேஜையில் சொல்லாவிட்டால் பொய் அப்படியே நிலைத்துவிடும். அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தே வீடு வருவாள். சாகும்வரை "மேடம்" என்பாள். கையைப் பிடித்து இழுத்தாவது கூட்டிப்போய்த் தன் நாற்காலியிலேயே உட்காரவைக்க வேண்டும்.

கீழே நடைபாதையில், இறங்குவதற்கு முந்தைய மாலை வழக்கப்படி, ஒவ்வொரு கதவுக்கு வெளியிலும் பெட்டிகள் நின்றன. கம்பளத்தில் கால் வைத்தால் சத்தமே எழவில்லை, மூடிய கதவுகளுக்குப் பின்னால் தண்ணீர் ஓடுவதும் யாரோ இருமுவதும் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுப்பதும் கேட்டது, தன் அறை நெருங்க நெருங்க அவை ஒவ்வொன்றாக அடங்கிவந்தன. கதவருகே அறைப் பணியாளர் வண்டியோடு நின்றிருந்தார்.

"உள்ள சுத்தம் பண்ண வேணாம்னுட்டாங்க மேடம். அந்த அம்மா ரொம்ப நல்லவங்க. சூப்புக்கு நன்றி சொன்னாங்க."

"எந்த அம்மா?"

"படுத்திருக்கறவங்க."

கதவைத் திறந்தாள். இருட்டு. திரையை இழுத்து மூடி, ஓரத்தைப் பெட்டிவாரால் கட்டியிருந்தது. தைல வாசனை. அதற்கு அடியில் வேறொன்று, நெடுநாள் நனைந்து காயாத கம்பளியின் வாடை. சுவிட்சைத் தட்டினாள். எரியவில்லை. நடைபாதை வெளிச்சம் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது.

அக்கா கட்டில் ஓரம் தரையில் மண்டியிட்டிருந்தாள். போர்வைக்கு அடியில் இருந்த கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

கால்கள்.

"எழுந்திரு," என்றாள். "மேல போலாம். எல்லாரும் இருக்காங்க. நான் சொல்லப்போறேன்."

"கதவ சாத்துங்க மேடம். கண்ணு கூசும் அவங்களுக்கு."

"தப்பு என்னுதுதான். திட்டு. ஓங்கி ஒண்ணு வை. வா, போயிடலாம்."

அக்காவின் கை நிற்கவில்லை. அமுக்கியது. விட்டது. அமுக்கியது.

பேராசிரியை மண்டியிட்டாள். அவளுக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளிச்சப் பட்டை மெலிந்து, நூலாகி, போய்விட்டது. அந்த முதல் இரவுக்குப் பிறகு அவளைக் கூப்பிடாத வார்த்தை. இப்போது வந்தது.

"அக்கா."

அக்கா திரும்பவில்லை.

"ம்," என்றது கட்டில். "வந்துட்டியாடி."

பேராசிரியையின் குரல். கொஞ்சம் வயதாகி, கொஞ்சம் கண்ணியமாக.

மெத்தை முனகியது. யாரோ சுவர்ப் பக்கம் நகர்ந்தார்கள். போர்வை விலகிற்று. ஈரக் குளிர் முகத்தில் அடித்தது. ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம்.

எழ முடியவில்லை. தையல் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள் இருட்டில் அவள் பாதத்தைத் தேடி வந்தன. ஒரு செருப்பைக் கழற்றின. மற்றதையும் கழற்றின. இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்தன.

"படுங்க மேடம்," என்றாள் அக்கா. "கூப்பிடறாங்க இல்ல."