ஏழாவது நட்டு

நான்காவது நட்டுக்கு அப்பாதுரை இன்னும் தட்டவேயில்லை. அதற்குள் உள்ளிருந்து பதில் வந்துவிட்டது.

டக், டக். கழன்றுவிட்டது என்று அர்த்தம். பழைய காரின் பக்கவாட்டில் ஓடும் நிக்கல் பட்டையை எடுக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே பட்டையைப் பிடித்திருப்பவன் ஒரு தட்டு தட்டுவான். டிக்கிக்குள் படுத்திருப்பவர் நட்டைக் கழற்றிவிட்டு இரண்டு தட்டு தட்டுவார். இன்றைக்கு உள்ளே இருப்பவர் காரின் சொந்தக்காரர் நேமிநாதன். அப்பா ஓட்டிய நாற்பத்தேழாம் வருஷத்து வண்டி என்று ஆசைப்பட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பானரோடு அவரே புகுந்துவிட்டார்.

“அவசரப்படாதீங்க நயினாரே. பட்டை வளைஞ்சா மெட்ராஸ்லகூட வேற கெடைக்காது” என்றான் மெக்கானிக் அப்பாதுரை.

உள்ளே பேச்சில்லை. கோபித்துக்கொண்டாரோ என்னவோ. பெரிய மனிதர்களிடம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவனுக்கு வராது.

திருப்பருத்திக்குன்றத்தில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் எலிப்புழுக்கையும் மக்கிப்போன தேங்காய்நார் மெத்தையும் கலந்த வாடை. அடுத்த தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்து, கடைசியில் டிக்கிக்குள் ஏதோ திரும்பும் கிறீச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. ஐந்தாவதும் கழன்றது. ஆறாவதும். வேலை தெரியாத மனிதருக்கு இத்தனை வேகமா? அப்பாதுரைக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இனி ஒன்றுதான். உளி விட்டு நெம்பினால் பட்டை மடங்கிவிடும். அவன் விரலை நம்பிப் பிழைக்கிறவன். வீட்டில் ஐந்து வயிறும் அந்த விரல்களைத்தான் நம்பியிருந்தன. பட்டைக்கும் தகரத்துக்கும் நடுவே வலக்கை விரல் நான்கையும் நுழைத்துக்கொண்டு, இடக்கையால் ஒரு தட்டு தட்டினான்.

அப்போது வீட்டுக் கிணற்றடியிலிருந்து குரல் வந்தது.

“அப்பாதுரை, சாப்ட்டாச்சுபா! பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணுமில்ல, சொல்லிக்காமக்கூட ஓடியாந்துட்டேன். கை கழுவிக்கினு வரேன்!”

நேமிநாதனின் குரல்.

நேமிநாதனைப் போன்ற ஜைனர்கள் இருட்டினால் சாப்பிட மாட்டார்கள். ஊருக்கே தெரியும். அவனுக்கும் தெரியும். வேலை மும்முரத்தில் மறந்துவிட்டான். அந்தப் பக்கமாக அவர் எப்போது இறங்கிப் போனார்?

டக், டக்.

பயத்தில் விரல்களை இழுத்தான். வரவில்லை. பட்டை ஒரு நூல் அளவு உள்ளே இறங்கியிருந்தது.

கிறீச்.

இன்னொரு நூல்.

“நயினாரே, ஓடியாங்க! கை மாட்டிக்கிச்சு! உள்ள யாரோ முடுக்கறாங்க!”

நேமிநாதன் ஈரக்கையோடு ஓடிவந்து டிக்கிக்குள் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“யாரும் இல்லியேப்பா... முடுக்கறதுக்கு என்ன இருக்குது? உன் தட்டுக்குக் காத்துக்கினு இருந்தா பொழுது போயிடும்னு, மிச்சத்தை நானே மளமளன்னு கழட்டிட்டேனே.”

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஏழு நட்டு. ஸ்பானரும் அவர் மடியில்தான் இருந்தது.

கிறீச்.

அவர் அவனை இடுப்போடு கட்டி இழுத்தார். அவன் அலறினான். பட்டை துளியும் வளையவில்லை. தகரத்தோடு தகரமாகப் படிந்து பளபளத்தது. அதற்கு வெளியே அவன் உள்ளங்கை மட்டும் தெரிந்தது.

தகரத்துக்கு அந்தப் பக்கம், அவன் சுண்டுவிரலை யாரோ பிடித்து, மெதுவாக, திருக ஆரம்பித்தார்கள்.