பஸ் ‘பி’, பென்சில் ‘பி’

அன்று மாலை ஆறு மணிக்கு வாசகசாலையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நீள மேசையின் தலைப்பக்கம் நூலகர் அம்மா. அவருக்கு வலப்புறம் தையற்காரர். எதிரே, ஆஸ்பத்திரியிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியிருந்த கணக்கு வாத்தியார். அவரை ஒட்டி அவர் மனைவி. கதவோரம், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். நடுவில் அகராதி.

வாரம் ஒரு மாலை, ஆளுக்கொரு அபூர்வ ஆங்கிலச் சொல். மற்றவர்களை ஊகிக்க விட்டு, கடைசியில் அகராதியைப் புரட்டுவது வழக்கம்.

தையற்காரர் புரட்டினார். “என்னம்மா இது, தாளைக் காணோம்?”

வாத்தியார் தன் பக்கம் இழுத்தார். அவருக்கு வேண்டிய தாளும் இல்லை. பஸ்ஸின் ‘பி’யில் ஒன்று, பென்சிலின் ‘பி’யில் ஒன்று. அவசரக் கிழிசல்.

“அந்த அர்த்தத்தை இன்னிக்கு இங்க படிச்சாகணும்,” என்றார் வாத்தியார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். “கடைசியா முழுசாப் பார்த்தது?”

“நான். மத்தியானம் துடைச்சப்போ,” என்றார் நூலகர்.

“அப்புறம் தொட்டது?”

“நானும் புரட்டினேன், வாத்தியார் வீட்டு அக்காவும் புரட்டினாங்க,” என்றார் தையற்காரர்.

“உங்க சொல்?”

“பால்டர்டாஷ். வெத்துப் பேச்சு. பழைய பேப்பர்ல படிச்சேன். என் வீட்டுக்காரி தினம் என்னைத் திட்டுறதுக்கு இங்கிலீஷ்ல இப்படி ஒரு பேராம்.”

“வாத்தியாரே, உங்களோடது?”

“பாலியேட்டிவ். என்னை மாத்தச் சொன்ன வார்டு வாசல் போர்டுல இருந்துச்சு.”

“போர்டை உங்க வீட்டம்மாவும் பார்த்தாங்களா?”

“இல்ல. அவ டாக்டர்கிட்ட பேசிட்டிருந்தா.”

இன்ஸ்பெக்டர் வாத்தியாரின் மனைவி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“தாளை எடுங்க, தங்கச்சி. கண்ணால படிச்சவங்களுக்கு எந்த ‘பி’ன்னு தெரியும், ஒரு தாள் போதும். காதால மட்டும் கேட்டவங்க தமிழ்லதான் மனசுல எழுதி வெச்சிருப்பாங்க. நமக்கு ரெண்டும் ஒரே ‘பா’. நின்னு தேட நேரமில்ல, ரெண்டையும் கிழிச்சுட்டீங்க.”

மனைவி தன் பையிலிருந்து கசங்கிய இரண்டு தாள்களை எடுத்து வைத்தார்.

“இனிமே குணமாகாது, வலி தெரியாம மட்டும் பார்த்துக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. அதுக்குத்தான் பாலியேட்டிவ்னு பேராம். இவரு ஒரு சொல்லையும் விடமாட்டாரே அண்ணா.”

“அந்த வார்டு நர்ஸ் அன்னிக்கே எனக்குச் சொல்லிட்டா,” என்றார் வாத்தியார்.

மனைவி நிமிர்ந்தார். “தெரிஞ்சுமா அந்தச் சொல்லை இங்க கொண்டாந்தீங்க?”

“உன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரலம்மா. அகராதி சொல்லட்டும்னு பார்த்தேன்.”

தையற்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“மகளுக்குத் தெரியுமா?” என்று கேட்டார் நூலகர். மனைவி இல்லையென்று தலையாட்டினார். நூலகர் ஒரு தாளும் உறையும் நகர்த்தி வைத்தார்.

வாத்தியார் பேனாவைத் திறந்தார். மனைவி வாங்கிக்கொண்டார். “சொல்லுங்க.”

“அப்பா உன்னைப் பார்க்கணும்னு சொல்றாருன்னு எழுது.”

எழுதினார். “அப்புறம்?”

“அவளுக்குப் புரியும்.”

கணவன் மடித்தார், மனைவி பசை தடவினார். உறையின் வாயை இருவர் கையும் சேர்ந்து அழுத்தின.

“கடைசித் தபால் எடுக்கறதுக்குள்ள போட்டுடறேன்க்கா,” என்று தையற்காரர் அதை வாங்கிக்கொண்டு ஓடினார்.