பாடத்திட்டத்தில் இல்லாத புத்தகம்

நாடக அரங்கில் இடைவேளை விளக்குகள் எரிந்த அதே நொடியில் அவன் அவள்மேல் மோதினான். ஐஸ்கிரீம் விற்க வந்த லியானின் கழுத்தில் மாட்டியிருந்த தட்டிலிருந்து ஆறு ஐஸ்கிரீம் டப்பாக்கள் படிக்கட்டில் உருண்டன.

"கண்ணை எங்க வச்சிட்டு வர்றீங்க?"

"ஜனங்க மூஞ்சிய பாத்துட்டே வந்தேன்... நாடகம் நான் எழுதினது."

"அதான் கீழ பாக்கத் தேவையில்லையாக்கும்."

சிரித்துவிட்டான். குனிந்து பொறுக்கும்போது நிமிர்ந்து அவள் கண்களைப் பார்த்தான். மழையில் நனைந்த கூரைக்கல்லின் சாம்பல் நிறம்... இந்தக் கண்களை எங்கோ பார்த்திருக்கிறோமே?

அவனுக்கு நினைவு வரவில்லை. அவளுக்கு அவனைத் தெரியும். டோமினிக். சுவரொட்டியில் பெயர் பார்த்த நாளிலிருந்து இந்தச் சனிக்கிழமை மதியக் காட்சிக்காகத்தான் காத்திருந்தாள்.

நாடகத்தில் ஹாலம் என்ற ஆங்கில ஆசிரியர், தனக்குப் பிடித்த நாவலை வருடம் முழுவதும் உருகி உருகி நடத்துகிறார். அந்த வருடத் தேர்வுக்கு உரியது வேறு நாவல். கேள்வித்தாளைப் புரட்டிய மாணவர்கள் விழிக்கும்போது அரங்கம் சிரித்தது. கடைசிக் காட்சியில் அவர்கள் பூங்கொத்தோடு அவர் வீட்டுக்குப் போனபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வெளியே ஹாலிஃபாக்ஸ் நகரம் முழுவதும் மழை. பேருந்து நிறுத்தத்தில் நின்றவளின் தலைக்குமேல் ஒரு குடை விரிந்தது.

"ஐஸ்கிரீமுக்குப் பரிகாரம்" என்றான். "நாடகம் பிடிச்சுதா?"

"நிஜத்துல அந்த ஹாலம் சார் நல்ல வாத்தியாரா?"

"எங்களுக்குள்ள ஒரு நெருப்ப பத்த வச்சார்."

"யாரும் பூங்கொத்தோட போகல டோமினிக். நான் வெறுங்கையோட போய் நின்னேன்... அவர் கதவையே திறக்கல."

அவன் குடையைச் சாய்த்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"லியான்... ஜன்னல் பக்கம், ரெண்டாவது பெஞ்சு."

"பரவால்லயே, ஞாபகம் இருக்கே! லீட்ஸ் யுனிவர்சிட்டில சட்டம் படிக்க இடம் குடுத்திருந்தாங்க. அந்தத் தேர்வால ஒரே ஒரு கிரேடு குறைஞ்சுது, இடம் போச்சு. இப்ப வார நாள்ல பல் டாக்டர்கிட்ட வரவேற்பு, சனிக்கிழமை ஐஸ்கிரீம்."

அவன் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கண்களுக்கு முன்னால் பொய் வரவில்லை.

"மார்ச்லயே தெரியும் எனக்கு. லைப்ரரில தேர்வுக்கான புத்தகப் பட்டியல பாத்தேன். சரியான புத்தகத்த வீட்ல நானே படிச்சுக்கிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அவர் வேலை போயிருக்கும். என்னை எழுத்தாளன்னு கூப்பிட்ட மொத ஆள் அவர்தான்... அவருக்கு நான் மட்டும்தான் ஒசத்தி. அது போயிடும்னு பயந்தேன்."

"நாங்க?"

"லியான், அந்த வருஷம் முழுக்க நான் பாடத்த கவனிச்சதவிட உன்ன பாத்ததுதான் அதிகம். உன்மேல எனக்கு அவ்வளவு... இன்னிக்கும் படியில உன் கண்ணப் பாத்ததும்..."

பேருந்து வந்து நின்றது. அவள் குடைக்கு வெளியே நகர்ந்தாள்.

"எனக்கும் உன்மேலதான்டா. கேள்வித்தாளைப் புரட்டினதும் மொதல்ல உன்னத்தான் திரும்பிப் பாத்தேன், நீயும் என்னை மாதிரி முழிச்சிட்டு இருப்பேன்னு..."

மழைநீர் அவள் இமைகளில் வழிந்தது.

"நீ குனிஞ்சு எழுதிட்டிருந்தே."