பட்டியலில் பத்தாவது பெயர்

மேசைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. அதன் சின்னத் திரையில் ஓடிய எண்ணைச் சுகன்யா இரண்டு தடவை படித்தாள். அவளுடைய எண்ணேதான். அவள் கைபேசியோ அரை முழம் தள்ளி, சார்ஜ் ஏறியபடி சும்மா கிடந்தது.

மே மாதக் கடைசி, பிற்பகல் மூன்றரை மணி. திண்டுக்கல்லில் அந்த அவசரக் கட்டுப்பாட்டு அறை மாடியில் இருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி கடகடத்துக்கொண்டு, பழைய கோப்புகளின் பாச்சை உருண்டை வாசனையை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே மலைக்கோட்டைக்குப் பின்னால் கோடை மழைக்கான மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. அவள் ரிசீவரை எடுத்து, இருபத்தெட்டு நாளாகச் சொல்லிப் பழகியதைச் சொன்னாள்.

"அவசரக் கட்டுப்பாட்டு அறை. சொல்லுங்க."

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, ஆழமான இடத்தில் தண்ணீர் சொட்டுவதுபோல ஒரு சத்தம். அதற்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கும் சத்தம்.

"எப்ப வருவீக?" என்றது ஒரு கிழக்குரல்.

இணைப்பு அறுந்தது.

"யாரும்மா போன்ல?" பக்கத்து மேசையிலிருந்து சொர்ணலட்சுமி கேட்டாள். அந்த அறையின் எழுத்தர் அவள்தான். பயிற்சிக்கு வந்திருக்கும் சுகன்யாவுக்கு வேலை சொல்பவளும் அவளே.

"ராங் நம்பர்க்கா."

சுகன்யா கெட்ட பெண் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவசரக்காரி, அவ்வளவுதான். கல்லூரியில் இறுதியாண்டு புவியியல். கோடை விடுமுறையில் முப்பது நாள் பேரிடர் மேலாண்மைப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் பட்டம். ஆத்தூர் நீர்த்தேக்கத்துக்குக் கீழே இருக்கும் ஒரு குடியிருப்பில், வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு வர வேண்டிய, நடக்க முடியாதவர்களின் பட்டியல் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். படிவத்தில் பத்துக் கட்டம். வெயிலில் மூன்று நாள் அலைந்து அவள் கண்டுபிடித்தது ஒன்பது பேரை. "பத்துக் கட்டம் இருக்குல்ல, பத்தையும் ரொப்பிக் குடும்மா. கட்டம் காலியா இருந்தா மேல உள்ளவுக திருப்பி அனுப்பிருவாக," என்றாள் சொர்ணலட்சுமி. சரி, ரொப்பித்தானே கொடுக்க வேண்டும்?

பட்டியலைக் கொடுக்க வேண்டிய நாள் காலையில் அவளுடைய அம்மா கௌசல்யா முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னாளபட்டியில் குழித்தறி நெய்கிறவள். அப்பா போய் நான்கு வருசம் ஆகிறது. அன்றிலிருந்து, குழிக்குள் கால்விட்டு மிதியை மிதித்து மிதித்து அம்மா நெய்த சேலைதான் வீட்டுச் சோறும் மகள் படிப்பும். மிதி நசுக்கியதில் இடது பெருவிரலில் நகமே கிடையாது. "இந்தக் காலு ரெண்டும் ஒரு நா வராமயே போகப்போகுது பாரு," என்று அம்மா முனகியது சுகன்யாவின் காதில் அப்படியே தங்கிவிட்டது.

அதை எடுத்துத்தான் எழுதினாள். 'ஒச்சம்மாள், வயது 71. இரண்டு காலும் வராது. தனியாக வசிக்கிறார்.' ஊரின் கடைசி வீட்டுக்கு அடுத்த எண்ணைக் கதவு எண்ணாகப் போட்டாள். அங்கே கருவேல முள்ளும் ஒரு பாழுங்கிணறும்தான் இருந்தன. யாராவது சரிபார்க்கக் கூப்பிட்டால் தானே 'ஆமாம்' என்று சொல்லிக்கொள்ளலாம் என்று தன் எண்ணையே எழுதினாள். பொறுப்பாளர் என்ற கட்டத்தில் தன் பெயரையும் சின்னாளபட்டி முகவரியையும் எழுதினாள். எழுதும்போது கொஞ்சம் சிரிப்புகூட வந்தது.

இன்றைக்கு அந்தப் பட்டியலை வைத்து வெள்ள ஒத்திகை. மீட்பு வேன் வீடு வீடாகப் போய்ப் பத்துப் பேரையும் ஏற்றி நிவாரண முகாமாக இருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பத்தாவது ஆள் அங்கே இல்லையென்று சொன்னால், 'மகள் வீட்டுக்குப் போயிருச்சாம்' என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

வயர்லெஸ் கரகரத்தது. வேன் ஓட்டுநர் பொன்ராஜின் குரல்.

"எட்டு ஏத்தியாச்சு. ஓவர்."

சுகன்யா பலகையில் எட்டாவது பெயருக்கு நேராக டிக் போட்டாள். காற்று எழும்பிச் சன்னல் கதவை அடித்தது.

"ஒம்போது ஏத்தியாச்சு."

இனி இல்லையென்று சொல்வான். அவள் பதிலைத் தயாராக நாக்கில் வைத்துக்கொண்டாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மழை முதல் துளிகளைத் தகர நிழற்கூரையில் எறிந்தது.

"பத்தும் ஏத்தியாச்சு. முகாமுக்குப் போறோம். ஓவர்."

அவள் கையிலிருந்த சுண்ணக்கட்டி உடைந்தது.

"அண்ணே, பத்தா? நல்லாப் பாத்தீங்களா?"

"என்ன பாப்பா நீ? கடசி வீட்டு அம்மாதான். முள்ளுக்குள்ள குடிசை, தேடித்தான் கண்டுபிடிச்சோம். ஒண்ணும் பேசல. தூக்குனா எடையே இல்ல, ஆனா மேலெல்லாம் ஒரே ஈரம்."

"அங்க குடிசை இல்லண்ணே…"

"என்னது? மழைச் சத்தம், கேக்கல பாப்பா."

சொர்ணலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன, ஏதும் பிரச்சனையா?"

சொல்லிவிடலாம். 'அக்கா, அந்தப் பத்தாவது பேர் நானா எழுதுனது.' ஒரே வரிதான். தொண்டைவரை வந்தும்விட்டது. சொன்னால் பொய்ப் பட்டியல் என்று ஆகிவிடும், சான்றிதழ் போய்விடும், அந்தச் சான்றிதழுக்காக அம்மா எத்தனை சேலை மிதித்திருப்பாள் என்று நினைத்தாள். நினைத்ததும் வாயை மூடிக்கொண்டாள். பாவி, அந்த ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

"ஒண்ணுமில்லக்கா," என்றாள்.

நாலரை மணிக்கு முகாமிலிருந்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் ஒன்பது பேர் நாற்காலிகளில். ஓரமாக ஒரு ஸ்ட்ரெச்சர். அதில் படுத்திருந்தவளின் முகத்தை யாரோ பிடித்திருந்த குடை மறைத்திருந்தது. மணிக்கட்டில் 10 என்று எழுதிய அட்டை. போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. சுகன்யா படத்தைப் பெரிதாக்கினாள். வெளுத்து, ஊறி, சுருங்கி, வருசக்கணக்காகத் தண்ணீருக்குள்ளேயே கிடந்த பாதங்கள்.

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். உடனே மேசைத் தொலைபேசி அடித்தது. அதே எண்.

எடுக்கவில்லை. அது நிற்கும்வரை அடித்தது.

ஐந்தரைக்கு ஒத்திகை முடிந்தது. பத்துக்குப் பத்து மீட்பு என்று மேலிருந்து பாராட்டு வந்தது. "ஒன் பட்டியல் அம்புட்டுச் சுத்தம்னு சொன்னாக," என்று சொர்ணலட்சுமி அவள் முதுகில் தட்டினாள். வேன் நனைந்துபோய் வளாகத்துக்குள் திரும்பி வந்து நின்றது. சுகன்யா படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள். பொன்ராஜ் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, எல்லாரையும் திருப்பிக் கொண்டுபோய் விட்டுட்டீங்களா?"

"ஒம்போது பேர அவுக அவுக வீட்டுல விட்டாச்சு."

"பத்தாவது?"

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அவுகளத்தான் ஒங்க வீட்டுல எறக்கிட்டு வாரோம். பொறுப்பாளர்னு நீதானே எழுதியிருக்க? திரும்பி வார வழிதானே சின்னாளபட்டி. அந்தம்மாவும் அதுவரைக்கும் வாயே தெறக்கல. எங்கம்மா போகணும்னு கேட்டதுக்கு, 'சுகன்யா வீட்டுக்கு'ன்னு ஒரு வார்த்த சொல்லுச்சு. ஒங்க அம்மாதான் கதவத் தெறந்தாக. ஸ்ட்ரெச்சர நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

அம்மா தனியாக இருக்கிறாள்.

பேருந்தில் ஏறும்போதே கூப்பிட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. சன்னல் கண்ணாடியில் மழை வழிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரியின் கூடையிலிருந்து நனைந்த மல்லிகை மணம் வந்தது. அந்த மணத்துக்கு அடியில் பாசி பிடித்த கிணற்று வாடை ஒன்றும் இருந்ததாக அவளுக்குத் தோன்றியது. தோன்றியதுதானா? எட்டாவது தடவை கூப்பிட்டபோது யாரோ எடுத்தார்கள்.

"அம்மா! அம்மா, வெளிய வா! பக்கத்து வீட்டுக்குப் போ!"

தறிச் சத்தம் மட்டும் கேட்டது. மிதி இறங்கும் சத்தம், பலகை அடிக்கும் சத்தம். பிறகு கட்.

தறி ஓடுகிறது. அப்படியானால் அம்மா நெய்துகொண்டிருக்கிறாள். அம்மாவுக்கு ஒன்றுமில்லை. இதையே அவள் பேருந்து நிற்கும்வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

தெருவில் கரண்ட் இல்லை. மழை விட்டிருந்தது. இருட்டு விழும் நேரம். மழைக்குக் குழியில் ஈர ஓதம் ஏறினால் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். அதனால் தெருவே ஊமையாகக் கிடந்தது. ஒரே ஒரு தறி மட்டும் ஓடியது. அவள் வீட்டுத் தறி.

ஆனால் அடி சரியில்லை.

பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் அது. அம்மாவின் மிதி ஒரு சீராக விழும். இதுவோ ஒரு மிதி வேகமாக, ஒன்று தயங்கி, அப்புறம் இரண்டு சேர்ந்து. புதிதாகக் கால் கிடைத்த குழந்தை உதைத்துப் பார்ப்பதுபோல.

கதவு திறந்திருந்தது. நடையில் ஈரம். முன்னறையில் ஸ்ட்ரெச்சர். அதில் போர்வைக்கு அடியில் ஒரு உருவம், மணிக்கட்டில் 10 என்ற அட்டை.

சுகன்யா கைபேசி வெளிச்சத்தை முகத்தில் அடித்தாள்.

அம்மா.

"அம்மா! எந்திரிம்மா. வா, போயிரலாம்."

"சுகன்யா…" அம்மாவின் உதடு காய்ந்திருந்தது. "அந்தம்மா பாவமா இருந்துச்சுடி. 'செத்த நேரம் நீ படுத்துப் பாரு தாயி, எப்பிடி இருக்குன்னு'ன்னு கேட்டுச்சு. படுத்தேன்."

"எந்திரிம்மா!"

"வரலடி. காலு வரல."

அவள் போர்வையை விலக்கினாள். அம்மாவின் முழங்காலுக்குக் கீழே அந்தப் பாதங்கள் இருந்தன. வெளுத்தவை. ஊறியவை. படத்தில் பார்த்தவை.

உள்ளே தறி நின்றது.

குழியிலிருந்து யாரோ எழும்பும் சத்தம். உட்காரும் பலகை கிரீச்சிட்டது. பிறகு காலடி. ஒன்று. நின்றது. இன்னொன்று.

சுகன்யா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா அசையவில்லை. அவளை விட்டுவிட்டு ஓடாமல் சுகன்யா மறுபடி இழுத்தாள்.

தறி அறையின் திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் வந்து நின்றன. பழுப்பு நிறம், உழைத்துக் காய்த்த குதிகால், எண்ணெய் மினுமினுப்பு. இடது பெருவிரலில் நகம் இல்லை.

"வந்துட்டியா, சுகன்யா?" என்றது திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் கிழக்குரல்.