ஆள் இல்லாத கருவறை

மூடிக் கிடந்த கருவறையிலிருந்து திரி எரியும் வாசனை வந்தது. நண்பகல் பூஜையை முடித்து வெளிக்கதவைச் சாத்தப் போன குருக்கள் அப்படியே நின்றுவிட்டார்.

அந்தப் பழைய கோயிலில் திருப்பணி தொடங்கி நாற்பது நாளாகிறது. சாமியின் சக்தியைக் குடத்து நீரில் இறக்கி, முன்மண்டபத்தில் ஒரு மரப்பலகையில் அமர்த்தியாயிற்று. குடமுழுக்கு நடக்கும்வரை பூஜையெல்லாம் பலகைக்குத்தான். கருவறைக்குள் இருப்பது வெறும் கல். அதற்கு விளக்கும் கிடையாது, வேண்டுதலும் கிடையாது. "ஆள் இல்லாத வீடு அது. பழக்கதோஷத்துல யாரையாவது கூப்பிட்டு வெச்சுடாதீங்க," என்று ஸ்தபதி சொன்னபோது குருக்கள் சிரித்தார். கோயில் பூனை தேவருக்கு அஞ்சுமா?

இப்போதுதான் நினைவுக்கு வந்தது. காலையில் இருபத்தாறு வருஷப் பழக்கம் அவரைச் செக்குமாடாக உள்ளே இழுத்துப்போயிருந்தது. தூக்கக் கலக்கத்தில் எண்ணெய் ஊற்றி, விளக்கேற்றி, தினமும் கேட்பதையே கேட்டிருந்தார். என் பெண் ஒரு வார்த்தையாவது பேச வேண்டும். அவளுக்கு ஏழு வயது. காது நன்றாகக் கேட்கும், பேச்சுதான் வரவில்லை.

மகள் தூணடியில் உட்கார்ந்து, கல்தச்சர்கள் செதுக்கித் தள்ளிய சில்லுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தச்சர்கள் சாப்பிட்டுத் திரும்ப ஒரு மணி நேரமாகும். அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, விளக்கை அணைக்கக் கதவைத் திறந்து உள்ளே போனார்.

வௌவால் எச்சத்தின் நெடியும், பல தலைமுறை எண்ணெயின் சிக்கும், அவற்றுக்கு அடியில் காய்ச்சல்காரன் படுத்தெழுந்த பாயைப் போல வெதுவெதுப்பான ஒரு புது வாடையும் சேர்ந்து மூக்கை அடைத்தன. காலையில் ஊற்றிய அரைக்கரண்டி எண்ணெய் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும், ஆனால் விளக்கு விளிம்புவரை நிறைந்து நின்றது. சுவரில் சிலையின் நிழல் விம்மித் தணிந்தது. சுடர் ஆடுவதால்தான் என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

திரியை நசுக்கினார். இருட்டு. வாசல் வெளிச்சம் பீடம்வரை எட்டவில்லை.

மந்திரம் சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இருமிப் பார்த்தார். அதுவும் இல்லை. பிடிமானத்துக்குக் கையை நீட்டித் துழாவினார். பீடம் தட்டுப்பட்டது. அதன்மேல் சிலை இல்லை.

அவர் காதருகே அவருடைய குரலே கேட்டது. இருபத்தாறு வருஷம் மந்திரம் சொல்லிக் கரகரத்த அதே குரல். பாசமாகக் கூப்பிட்டது.

"கண்ணு, உள்ள வாம்மா. அப்பா இங்கதான் இருக்கேன்."

வெளியே சில்லுகள் சரிந்தன. சிறு பாதங்களின் ஓட்டம். வராதே என்று கத்தினார். உதடு மட்டும் அசைந்தது. ஓடித் தடுக்கப் பார்த்தார். கால் பெயரவில்லை.

வாசற்படியில் வெளிச்சத்தை மறைத்தபடி மகள் நின்றாள். இருட்டைப் பார்த்துச் சிரித்தாள். அவள் தொண்டை அசைந்தது.

"வரேன்ப்பா."

ஏழு வருஷமாக அவர் ஏங்கிய குரல். எவ்வளவு இனிமை. குருக்கள் சத்தமில்லாமல் அழுதார்.

அவள் படியைத் தாண்டினாள். கையை நீட்டினாள். அவருக்குப் பக்கத்திலிருந்து நீண்ட கருங்கல் விரலைப் பிடித்துக்கொண்டாள்.